தொட்டியைக் கழுவாதீர்கள், அடியை மட்டும் உறிஞ்சி எடுங்கள்

மயிலாடுதுறையிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஐந்து தங்கமீன்கள். பத்து நாளைக்கு ஒருமுறை மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, கற்களை அள்ளி மொட்டைமாடியில் காயவைத்து, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, போர்வெல் தண்ணீரை நிரப்புகிறார். இரண்டாம் நாளே தண்ணீர் அரிசி களைந்த கழுநீர்போல வெளுத்துப்போகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு மீன் செத்து மிதக்கிறது. இப்போது மிச்சம் இரண்டு. கடைக்காரர் சைபன் குழாய் ஒன்றை வாங்கச் சொன்னாராம். அது எதற்கு, எப்படிப் பிடிப்பது, வாயால் உறிஞ்சித்தான் ஆகவேண்டுமா என்பது அவர் கேள்வி.

வாயால் உறிஞ்ச வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழி பின்னால் வருகிறது. கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் குழாயை வாங்கிக்கொண்டு பழைய கழுவலையும் தொடர்ந்தால் மிச்சமிருக்கும் இரண்டும் பிழைக்காது. அதனால் மீன்கள் ஏன் சாகின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகும்போதும் அதுவே வெளிவருகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஆனால் நன்றாகப் பழகிய தொட்டியில் இந்த நஞ்சைத் தின்று வாழும் நுண்ணுயிரிகள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இந்த உயிரிகள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. கற்களின்மேலும், ஃபில்டரின் பஞ்சிலும், கண்ணாடியிலும் வழுவழுப்பான மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதுமான அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

நீங்கள் கற்களை வெயிலில் காயவைக்கும்போது செத்துப்போவது அவைதான். பத்து நாளைக்கு ஒருமுறை தொட்டி பிறந்த நாளுக்கே திரும்பிவிடுகிறது. மீன்கள் மட்டும் வளர்ந்த மீன்கள். கழிவும் வளர்ந்த மீனின் கழிவு. அதைத் தின்ன ஆள் இல்லை. வெளுத்துத் தெரிகிறதே, அது வேறு வகைப் பாக்டீரியா. காலியான இடத்தில் சட்டென்று பெருகித் தண்ணீரைக் கலங்க வைக்கிறது. தீனியைக் குறைத்துவிட்டு அப்படியே விட்டால் சில நாளில் தானே தெளியும். நீங்கள் அதைப் பார்த்துப் பதறி மறுபடி கழுவுகிறீர்கள்; கதை முதலிலிருந்து தொடங்குகிறது.

நம் பக்கத்துத் தண்ணீருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் கடினமானது, காரத்தன்மை கூடியது. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வெயில் ஏறினால் அது இன்னும் கூடும். சித்திரையில் அதிக மீன்கள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, கழிவு வெளியே போகவேண்டும். நுண்ணுயிரிகள் உள்ளேயே இருக்கவேண்டும். மீனை வெளியே எடுக்காமல், கல்லை அள்ளாமல், அடியில் தங்கிய கசடை மட்டும் தண்ணீரோடு சேர்த்து இழுத்துவிடுவதற்கு எனக்குத் தெரிந்து சைபனைவிட நல்ல கருவி இல்லை. மின்சாரமும் தேவையில்லை, இரைச்சலும் இல்லை.

கடையில் கிடைக்கும் சைபன், ஒரு முனையில் அகலமான பிளாஸ்டிக் குடுவையும் அதிலிருந்து நீளும் குழாயும்தான். சிலவற்றில் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பந்து இருக்கும். பழைய மண்ணெண்ணெய் பம்பின் சிவப்புப் பந்து நினைவிருந்தால், அதே வேலைதான். வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்ளவும் முடியும். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடிபோன்ற லெவல் டியூப் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. உள்விட்டம் அரை அங்குலத்துக்குள், இரண்டு மீட்டர் நீளம் போதும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். பாட்டிலின் கழுத்தில் குழாயைச் செருகி, இடைவெளியில் சைக்கிள் டியூப் பட்டையை இறுக்கிச் சுற்றினால் குடுவை தயார். என்னிடம் இருப்பதும் இப்படிச் செய்ததுதான். மேசைமேல் வைக்கும் சிறிய கிண்ணத் தொட்டி என்றால் இதுவும் பெரிது. காற்று பம்பில் மாட்டும் மெல்லிய டியூபே போதும்.

தண்ணீர் எப்படித் தொட்டியின் விளிம்பைத் தாண்டி மேலேறிக் கீழே இறங்குகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் நின்றுவிடும். குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தொங்கும் பக்கம் நீளமானது. அதிலுள்ள தண்ணீர் எடையால் கீழே இறங்குகிறது. அது இறங்கும்போது வளைவில் அழுத்தம் குறைகிறது. தொட்டியின் நீர்ப்பரப்பை மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும் காற்று, அந்த இடத்துக்குப் புதுத் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. வெளிமுனை தொட்டியின் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு வேகம். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தால் ஓட்டம் நிற்கும். தொட்டியைத் தரையோடு ஒட்டிய பலகையில் வைத்துவிட்டு, உயரமான வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'தண்ணீர் வரவே இல்லை' என்கிறவர்கள் உண்டு. வாளியின் விளிம்பில் நிற்கும் குழாய்முனைக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உயர வித்தியாசமே இல்லாதபோது எப்படி வரும்? அப்படிப்பட்ட இடத்தில் வாளியை வாசற்படிக்குக் கீழே வைத்து, குழாயை நீளமாக எடுங்கள்.

இங்கே ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ஒரு வாய்க்காலுக்கு அடியில் இன்னொரு வாய்க்கால் புகுந்து மறுபக்கம் எழும் இடத்தைச் சைபன் என்பார்கள், கீழ்க்குமிழி என்பார்கள். பெயர் ஒன்றுதான், வேலை வேறு. அங்கே தண்ணீர் கீழே இறங்கி மறுபடி தன் மட்டத்துக்கு ஏறுகிறது. நடுவில் காற்று புகுந்தாலும் பெரிய நஷ்டமில்லை. தொட்டிச் சைபனில் தண்ணீர் முதலில் மேலே ஏறவேண்டும். வளைவில் ஒரு பெரிய காற்றுக்குமிழி தங்கினால் போதும், ஓட்டம் அறுந்துவிடும். அதனால்தான் ஓட்டம் தொடங்கிய பிறகு குடுவையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது என்கிறேன்.

அடுத்தது அந்த அகலமான குடுவை. வெறும் குழாயை வைத்து இழுத்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். இழுத்துப் பாருங்கள், கசடோடு கல்லும் சேர்ந்து ஏறி, குழாய் அடைத்துக்கொள்ளும். குழாயின் உள்விட்டம் 1.2 சென்டிமீட்டர், குடுவையின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்றால், குடுவையின் பரப்பு குழாயினுடையதைப்போல ஏறக்குறைய பதினேழு மடங்கு. ஒரே அளவு தண்ணீர்தான் இரண்டிலும் ஓடுகிறது. ஆகவே குடுவைக்குள் அதன் வேகம் பதினேழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அந்த மெதுவான நீரோட்டத்தால் கல்லைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இலேசான கசடை மட்டும் கொண்டுபோகும்.

நாம் குடியிருக்கும் இந்த மண் உண்டானதும் இதே விதியால்தான். மேட்டிலிருந்து வேகமாக வரும் காவிரி சமவெளியில் பரந்து வேகம் குறையும்போது கனமான மணலை முதலில் போட்டுவிட்டு, நுண்ணிய வண்டலை மட்டும் கடல்வரை சுமந்துகொண்டு போகிறது. குடுவையைக் கற்களுக்குள் அழுத்திவிட்டு அதன் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். கற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓர் அங்குலம் எழும்பும், புரளும், மறுபடி விழும். அவற்றுக்கு நடுவிலிருந்து பழுப்பு நிறத்தில் புகைபோல ஒன்று பிரிந்து மேலே ஏறும். கொஞ்ச நேரத்தில் அந்தப் புகை மெலிந்து குடுவைக்குள் தண்ணீர் தெளியும். அந்த இடம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் எத்தனையோ ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். இன்னும் அந்தக் கற்கள் புரள்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன்.

தொட்டியில் கல்லுக்குப் பதில் மணல் போட்டிருந்தால் குடுவையை உள்ளே அழுத்தாதீர்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணலைச் சிலர் கழுவிப் போட்டிருப்பார்கள். நல்ல மணல்தான், ஆனால் அதிலுள்ள பொடி மணல் கசடோடு சேர்ந்து போய்விடும். ஒரு விரற்கடை உயரத்தில் குடுவையைப் பிடித்து, மேலே படிந்ததை மட்டும் எடுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், அதன் மாவு பல வாரம் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அடியில் தரை வாழ் மீன்கள் இருந்தால் கூரான துகள் அவற்றின் மீசையையும் வயிற்றையும் அறுக்கலாம்.

இனி வேலைக்கு வருகிறேன். முதலில் ஃபில்டரின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். நீர்மட்டம் இறங்கியபின் ஃபில்டர் வெறுமனே ஓடினால் மோட்டார் கெடும். அதைவிட முக்கியம், உங்கள் கை தண்ணீருக்குள் இருக்கப்போகிறது. கண்ணாடியில் பாசி படிந்திருந்தால் உறிஞ்சுவதற்கு முன்பே பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் சுரண்டி விழவைத்து, கால் மணி நேரம் அடியில் படியவிடுங்கள்.

வாயில் வைக்காமல் தொடங்குவதற்குச் சுலபமான வழி ஒன்று. முழுக் குழாயையும் தொட்டிக்குள் முக்கி, காற்றெல்லாம் குமிழிகளாக வெளியேறியபின் வெளிமுனையைக் கட்டைவிரலால் இறுக்கி மூடுங்கள். மூடியபடியே அந்த முனையை வெளியே எடுத்து, வாளிக்குள் இறக்கி, விரலை விடுங்கள். தண்ணீர் ஓடத் தொடங்கிவிடும். தொட்டி சிறியதாக இருந்து குழாயை முக்க இடமில்லை என்றால், குடுவையைத் தண்ணீருக்குள் சாய்த்து நிரப்பி, வாய் மேல்நோக்கி இருக்கும்படி நீர்மட்டத்துக்கு மேலே தூக்குங்கள். தண்ணீர் குழாய்க்குள் இறங்கும். அது வளைவைத் தாண்டும் நொடியில் குடுவையை மறுபடி முக்கிவிடுங்கள். இரண்டு மூன்று தடவை முயன்றால் கை பழகிவிடும்.

மண்ணெண்ணெய் டிரம்மிலிருந்து வாயால் இழுத்துப் பழகியவர்கள் நம் வீடுகளில் உண்டு. 'இது வெறும் தண்ணீர்தானே' என்பார்கள். மீன் கழிவு ஊறிய தண்ணீர் அது. ஒரு மடக்கு உள்ளே போனால் வயிற்றுக்கு ஆகாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்தக் கையைத் தொட்டிக்குள் விடவும் வேண்டாம். மீன் தொட்டியில் வாழும் ஒரு வகை மைக்கோபாக்டீரியா காயம் வழியாகப் புகுந்து, ஆறாத புண்ணையும் முடிச்சையும் உண்டாக்கும். குணமாக மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். விவசாய வேலை செய்கிறவர்களின் கையில் கீறல் இல்லாத நாளே கிடையாது. ரப்பர் கையுறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். சோப்பு கைக்கு மட்டும். தொட்டிக்கும் குழாய்க்கும் மீன் வாளிக்கும் ஒருபோதும் வேண்டாம். துணி ஊறவைக்கும் வாளியை இதற்கு எடுக்காதீர்கள்.

எவ்வளவு எடுப்பது? இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் இரண்டு கன அடி, அதாவது ஏறக்குறைய 57 லிட்டர். கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் உள்ளே 45 லிட்டர்போல நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு, அதாவது 11 அல்லது 12 லிட்டர் போதும். ஒரு நடுத்தர வாளி. தொட்டி ஸ்டாண்டின்மேல் இருந்து, அரை அங்குலக் குழாய் முழுவேகத்தில் ஓடினால் அந்த வாளி ஒன்றிரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்குள் முழு அடியையும் துழாவ முடியாது. குழாயை விரலால் மடக்கிப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். குழம்புக்குப் புளி கரைப்பதுபோல மொத்தமாகக் கலக்கிவிடாமல், நாற்று நடுவதுபோல இடம் இடமாக வையுங்கள்: அழுத்துங்கள், தெளியும்வரை நிறுத்துங்கள், தூக்காமல் அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள்.

ஒரே நாளில் முழு அடியையும் சுத்தம் செய்யவும் கூடாது. இந்த வாரம் இடது பாதி, அடுத்த வாரம் வலது பாதி. ஒரு பாதியில் இருக்கும் நுண்ணுயிரிகள் எப்போதும் தொந்தரவில்லாமல் இருக்கவேண்டும். செடி நட்டிருந்தால் வேரடியில் குடுவையை அழுத்த வேண்டாம். செடிக்கு அந்தக் கசடுதான் எரு. பல மாதமாகத் தொடாத ஆழமான மணலைக் கிளறினால் கறுத்த மண்ணும் அழுகிய முட்டை நாற்றமும் வரும். அந்த வாயு மீனுக்கு ஆகாது. அப்படிப்பட்ட இடத்தை ஒவ்வொரு வாரமும் உள்ளங்கை அகலம் மட்டும் எடுத்து, மெல்ல மெல்லச் சரிசெய்யுங்கள்.

ஃபில்டர் பஞ்சை அலசவேண்டுமானால், இப்போது வாளியில் நிற்கும் அந்த அழுக்குத் தண்ணீரிலேயே இரண்டு பிழிபிழிந்து திரும்ப மாட்டுங்கள். குழாயடியில் வைத்து வெள்ளையாகும்வரை அலசினால் குளோரின் பட்டு அதிலிருக்கும் உயிர்கள் சாகும். பஞ்சு பழுப்பாக இருப்பதே நல்லது.

புதுத் தண்ணீரில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். நகராட்சித் தண்ணீரிலும் ஊராட்சித் தொட்டித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் பிளீச்சிங் பவுடர் தாராளமாகப் போடுவார்கள். மக்களுக்கு அது நல்லது, மீனின் செவுளுக்கு எரிச்சல். அகன்ற பாத்திரத்தில் ஒரு முழு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். மூக்கில் நெடி அடித்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள். அல்லது மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சொட்டுக் கணக்குப் பார்த்து விடுங்கள். போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை; ஆனால் பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் உயிர்க்காற்று (ஆக்சிஜன்) குறைவு, இரும்பும் இருக்கலாம். அதையும் ஒரு நாள் திறந்து வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு ஊற்றுங்கள். அடியில் செம்மண் நிறத்தில் படிவது இரும்பு. நாகை, வேதாரண்யம் பக்கம் போர்வெல் உப்புக் கரிக்கும் இடங்களில் குடிநீரைத்தான் பயன்படுத்தவேண்டும். ஆற்றுத் தண்ணீரையோ வாய்க்கால் தண்ணீரையோ கொண்டுவந்து ஊற்றாதீர்கள்; வயலில் தெளித்த மருந்து வடிந்து சேரும் தண்ணீர் அது.

சூட்டையும் கவனியுங்கள். சித்திரை வைகாசி மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். காலையில் பிடித்து, வீட்டுக்குள் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். இரண்டு தண்ணீரும் ஒரே பதத்துக்கு வந்துவிடும். ஊற்றும்போது சைபனையே திருப்பிப் போடலாம். வாளியைத் தொட்டியைவிட உயரமான ஸ்டூலில் வைத்து, காற்று பம்பின் மெல்லிய டியூபால் இறக்கிவிட்டால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் அது மெல்ல நிரம்பும். மீனுக்குத் தெரியாமலே தண்ணீர் மாறியிருக்கும்.

'தண்ணீர் வற்றும்போது நான் ஊற்றிக்கொண்டுதானே இருக்கிறேன், அது போதாதா' என்று கேட்பவர்களுக்கு வேதாரண்யம் உப்பளத்தைத்தான் காட்டுவேன். வெயிலில் போவது தண்ணீர் மட்டும். உப்பு பாத்தியிலேயே நிற்கிறது. தொட்டியிலும் அப்படித்தான். கடினத்தன்மையும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கி, ஊற்ற ஊற்றக் கூடுகின்றன. பல மாதம் அப்படி விட்ட தொட்டியைத் திடீரென்று பாதி மாற்றினால் மீன் அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பத்தில் ஒரு பங்காக மாற்றி, இரண்டு வாரத்தில் வழிக்குக் கொண்டுவாருங்கள்.

நாம் கேட்காமலே வேலை செய்யும் ஒரு சைபனும் பல வீடுகளில் இருக்கிறது. காற்று பம்பைத் தொட்டிக்குக் கீழே வைத்திருப்பார்கள். மின்சாரம் போனதும் காற்றின் தள்ளல் நின்று, தொட்டித் தண்ணீர் அந்த மெல்லிய டியூப் வழியாகத் திரும்பி ஏறி, வளைவைத் தாண்டி, பம்புக்குள் இறங்கிவிடும். இரவு மின்தடை வந்தால் காலையில் தரையெல்லாம் ஈரம், பம்பு நாசம், ஸ்விட்ச் போர்டில் தண்ணீர். பம்பை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டுங்கள். முடியாவிட்டால் டியூபின் நடுவில் ஒருவழி வால்வு ஒன்றைச் செருகுங்கள். மிகக் குறைந்த விலைதான்.

மின்தடை என்றதும் எனக்கு கஜாதான் நினைவுக்கு வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவுக்குப் பல நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடவில்லை, குடிக்கவே கைப்பம்பில் வரிசையில் நின்றோம். தொட்டியில் பதினொரு மீன்கள். முதல் வேலையாகத் தீனியை நிறுத்தினேன். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், அழுகும் தீனியைத் தாங்காது. காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று அடிக்கசடை மட்டும் மெல்லிய டியூபால் எடுத்தேன். பகலெல்லாம் திறந்து வைத்திருந்த கைப்பம்புத் தண்ணீரை ஒரு முழ உயரத்திலிருந்து நூலாக ஊற்றினேன், காற்று கலக்கட்டும் என்று. நடுநடுவே தொட்டித் தண்ணீரையே மொண்டு அதே உயரத்திலிருந்து திரும்ப விடுவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்துச் செய்தார்கள். தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் ஒன்பது மீன்கள் பிழைத்தன.

எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் அது நல்ல உரம். உப்போ மருந்தோ கலந்த வாரம் மட்டும் தவிர்த்துவிடுங்கள். கொட்டுவதற்கு முன் வாளிக்குள் ஒருமுறை பாருங்கள். கப்பி மீன் வளர்த்தால் அதன் குஞ்சுகள் குழாயோடு வந்திருக்கும். வாய்க்காலிலோ குளத்திலோ மட்டும் ஊற்றவே கூடாது. தொட்டி நத்தையும் வெளியூர்ச் செடியும் குஞ்சும் அப்படித்தான் நம் நீர்நிலைகளுக்குப் போகின்றன. 'சக்கர் மீன் ஒன்று விடுங்கள், அழுக்கைத் தின்றுவிடும், சைபனே வேண்டாம்' என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். அது மீன் கழிவைத் தின்பதில்லை. பாசியும் தீனியும் தின்று, தன் பங்குக்கு மற்ற மீன்களைவிட அதிகமாகக் கழிக்கும். ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இன்று தமிழ்நாட்டுக் குளங்களில் பெருகி, கரையில் வளை தோண்டுகிறது, வலையைக் கிழிக்கிறது, நம் கெண்டையின் இரையைத் தின்கிறது. வேண்டாமென்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

இப்போது உங்கள் தொட்டிக்கு. கடைசியாகக் கழுவிய பிறகு அதில் நுண்ணுயிரி அதிகம் மிஞ்சியிருக்காது, ஆகவே இதைப் புதுத் தொட்டி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். புது மீன் வாங்காதீர்கள். அந்த அளவுத் தொட்டிக்கு ஐந்து தங்கமீன்கள் எப்போதுமே அதிகம், இரண்டுக்கு மேல் கூடாது. தீனி நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால், அவர் ஃபில்டர் பஞ்சிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். காத்திருக்கும் நாட்களில் பாதி மிச்சமாகும். முதல் நான்கு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் எட்டு பத்து லிட்டர் மாற்றுங்கள். குடுவையைக் கற்களுக்கு மேலேயே ஓட்டி, கண்ணுக்குத் தெரியும் கழிவை மட்டும் எடுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்று குடித்தால் அன்றைக்கே இன்னொரு வாளி மாற்றி, தீனியை நிறுத்துங்கள். தண்ணீர் வெளுத்தாலும் பதற வேண்டாம். ஆறாவது வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு வாளிக்கு வந்துவிடலாம். குடுவையைக் கற்களுக்குள் அழுத்துவதையும் அப்போது தொடங்குங்கள், அதுவும் இடது பாதியில் மட்டும்.